டெண்டர் தாளில் இல்லாத உள்ளூர்க்காரர்கள்

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், செபராங் பிறையில் ஒரு பள்ளிக்கூடத்தைக் கூட்டிக் கழுவும் வேலையை அரசாங்கத்திடமிருந்து எடுக்க வேண்டுமானால், துடைப்பம் வாங்குவதற்கு முன்னால் ஒரு கட்டு தாள் சேர்க்க வேண்டும். கம்பெனிப் பதிவு, நிதியமைச்சின் பதிவுச் சான்றிதழ், அதில் துப்புரவு வேலைக்குரிய கோட் பிடாங் என்ற துறைக் குறியீடு, வங்கிக் கணக்கு விவரம், ஊழியர் சேமநிதியான இபிஎஃப் கட்டிய ரசீது, இயக்குநர்களின் ஐசி (அடையாள அட்டை) நகல், மலாய்க்காரரும் பூர்வீகக் குடியினருமான பூமிபுத்ரா என்ற தகுதி இருந்தால் அதற்குத் தனிச் சான்றிதழ். இதையெல்லாம் ஒழுங்குபடுத்தி, அரசாங்கக் கொள்முதலுக்கான இபெரோலேஹான் இணையத்தளத்தில் ஏற்றி, விலைப் பட்டியலை நிரப்பிக் கொடுப்பதுதான் என் தொழில். பட்டர்வொர்த்தில் தொடங்கி நிபோங் தெபால் வரைக்கும் சிறு குத்தகையாளர்கள் பலருக்கு நான் கணக்கும் எழுதுகிறேன், டெண்டர் தாளும் எழுதுகிறேன்.

இத்தனை தாளிலும் கம்பெனி எந்த ஊரில் இருக்கிறது, அதன் பங்கு யார் கையில் இருக்கிறது, இயக்குநர் யார் என்று துருவித் துருவிக் கேட்பார்கள். அந்தப் பள்ளிக்கூடத்தில் இப்போது துடைப்பம் பிடித்திருக்கிறவர் யார், எத்தனை வருடமாகப் பிடித்திருக்கிறார் என்று கேட்கும் கட்டத்தை நான் இதுவரை நிரப்பியதே இல்லை. உள்ளூர்க்காரருக்கு முன்னுரிமை என்று அரசாங்கம் சொல்லும்போதெல்லாம் எனக்கு இந்தக் கட்டம்தான் நினைவுக்கு வருகிறது.

அரசாங்கம் காசு செலவழிக்கும்போது உள்ளூர்க்காரருக்கு ஒரு படி மேலே இடம் கொடுப்பது சரி என்று நம்புகிறவள் நான். அது மக்களின் வரிப்பணம். அதே ஊரில் சம்பளமாகவும் கடை வியாபாரமாகவும் பிள்ளைகளின் டியூஷன் கட்டணமாகவும் இரண்டு சுற்று வந்தால் ஊர் நிமிரும். இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய வழக்கமும் அல்ல. அமெரிக்கா 1933லேயே உள்நாட்டுப் பொருளை வாங்கு என்று சட்டம் போட்டது. இந்தியாவில் 2012ஆம் ஆண்டின் ஆணைப்படி மத்திய அரசு அமைச்சுகளும் பொதுத்துறை நிறுவனங்களும் தங்கள் கொள்முதலில் ஒரு பங்கைச் சிறு, குறு நிறுவனங்களிடமிருந்து வாங்கியாக வேண்டும். முதலில் 20 விழுக்காடாக இருந்தது, 2018இல் 25 ஆனது. 2017இல் வந்த இன்னோர் ஆணை, விற்கிற பொருளிலோ சேவையிலோ உள்நாட்டில் உண்டாகும் மதிப்பு எவ்வளவு என்று கேட்கிறது. பாதிக்குக் குறையாமல் இருந்தால்தான் முதல் வகுப்பு உள்ளூர் வழங்குநர். முதலாளியின் முகவரியைப் பார்ப்பதைவிட இது ஒரு படி மேல் என்பது என் எண்ணம்.

மலேசியாவில் 2025 வரை இதற்குத் தனிச் சட்டம் இருந்ததில்லை. 1957ஆம் ஆண்டின் நிதி நடைமுறைச் சட்டம், 1949ஆம் ஆண்டின் அரசாங்க ஒப்பந்தச் சட்டம், கருவூலம் அவ்வப்போது அனுப்பும் சுற்றறிக்கைகள், இவைதான் ஆதாரமாக இருந்தன. உள்நாட்டில் கிடைக்கும் பொருளையும் சேவையையும் முதலில் எடு, இங்கே கிடைக்காவிட்டால்தான் அனைத்துலக டெண்டர், என்பது அந்தச் சுற்றறிக்கைகளின் அடிப்படை. அதற்குள்ளே பூமிபுத்ரா முன்னுரிமை. சிறிய தொகைக் கொள்முதலில் ஒரு பகுதி அவர்களுக்கென்றே ஒதுக்கப்படும். அதற்கு மேலே போனால் விலையில் சலுகை. அவர்கள் கேட்கும் விலை சற்றுக் கூடுதலாக இருந்தாலும் 10 விழுக்காட்டில் தொடங்கி, தொகை ஏற ஏற 2.5 வரை இறங்கும் வித்தியாசத்தை அரசாங்கம் ஏற்றுக்கொள்ளும். ஒப்பந்தம் 15 மில்லியன் வெள்ளியை (ரிங்கிட்டை) தாண்டினால் சலுகை இல்லை. இந்த எண்களை மறந்துவிடாதீர்கள், பிறகு தேவைப்படும்.

கட்டுமான வேலையில் உள்ளூர் என்பதை மாவட்ட அளவுக்கே இறக்கி வைத்திருக்கிறார்கள். குத்தகையாளர்களைப் பதிவு செய்யும் கட்டுமானத் தொழில் வாரியமான சிஐடிபியில் ஜி1 முதல் ஜி7 வரை ஏழு தரம். கீழ்ப்படியில் இருக்கும் ஜி1 குத்தகையாளர்களுக்கான சின்ன வேலைகளைக் குலுக்கல் போட்டுக் கொடுப்பார்கள். காலையிலேயே மண்டபம் நிறைந்துவிடும். பெயர் வந்தவருக்குச் சாக்கடை மூடியோ பள்ளிக்கூரையோ கிடைக்கும். மற்றவர்கள் எழுந்து போய்த் தே தாரிக் குடிப்பார்கள். அந்த மாவட்டத்தில் பதிவு செய்தவர்களுக்கே முதல் வாய்ப்பு. இதில் எனக்குப் பிடித்தது, வேலை நடக்கிற இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறவர் கையில் வேலை போகிறது என்பது. பிடிக்காததும் உண்டு. என் வாடிக்கையாளர்களில் பாதிக்கு மேல் இந்தியர்கள். ஒதுக்கீட்டு வேலைகளில் அவர்கள் பெயர் வராது. லைசென்ஸ் வைத்திருக்கிறவரிடமிருந்து வேலையை வாங்கி, அவருக்கு ஒரு பங்கு கொடுத்துவிட்டுச் செய்கிறார்கள். அலி பாபா என்று நாட்டில் எல்லோரும் பேசுவது இதைத்தான். லைசென்ஸ்காரரும் உள்ளூர், செய்கிறவரும் உள்ளூர். ஆனால் வேலைக்குப் போக வேண்டிய காசில் ஒரு பகுதி தாளுக்குப் போய்விடுகிறது. தார் ஒரு விரற்கடை குறைகிறது.

இனவாரி ஒதுக்கீட்டைப் பற்றி நம் ஆட்கள் நிறையப் பேசியாயிற்று. நியாயமான குறை அது, நானும் அதில் பங்குள்ளவள்தான். ஆனால் சேவைக் குத்தகையில் அதற்கும் அடியில் இன்னொன்று இருக்கிறது. நம் வீட்டுப் பெண்கள் ஆயிரக்கணக்கில் அதில் மாட்டியிருந்தும் நம் மேடைகளில் அது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

ஒரு சாலை போட்டால் அதில் கல் உண்டு, தார் உண்டு, இயந்திர வாடகை உண்டு. துப்புரவு, பாதுகாவல் போன்ற குத்தகைகளில் ஆள் கூலிதான் எல்லாமே. வேலை அந்த இடத்தில்தான் நடக்கும், வெளிநாட்டுக்கு அனுப்பவே முடியாது. பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்து ஃபிளாட்டிலோ கம்பத்திலோ இருக்கிறவர்கள்தான் வருவார்கள். ஆக, இதைவிட உள்ளூரான சேவை வேறெதுவும் கிடையாது. ஆனாலும் முன்னுரிமை என்று ஒன்று வரும்போது அது கம்பெனியின் வாசலோடு நின்றுவிடுகிறது.

முன்பு பள்ளிக்கூடங்களிலும் ஆஸ்பத்திரிகளிலும் இந்த வேலையைச் செய்தவர்கள் அரசாங்க ஊழியர்கள். பென்ஷன் உண்டு, மருத்துவ வசதி உண்டு, பெருநாள் முன்பணம் உண்டு. 80களில் தனியார்மயம் வந்தது. 1997இல் அரசாங்க ஆஸ்பத்திரிகளின் துப்புரவு, சலவை உட்பட ஐந்து ஆதரவுச் சேவைகளை நாட்டைப் பிரித்து மூன்று கம்பெனிகளுக்குக் கொடுத்தார்கள். பள்ளிகளிலும் குத்தகை நிலைத்துவிட்டது. அம்மா அரசாங்க ஆயாவாக இருந்து ஓய்வு பெற்று, மகள் அதே பள்ளியில் குத்தகைத் தொழிலாளியாக நிற்கும் குடும்பங்களை எனக்குத் தெரியும்.

ஒரு தடவை என் வாடிக்கையாளர் ஒருவருக்குச் சில பள்ளிகளின் துப்புரவுக் குத்தகை கிடைத்தது. பழைய கம்பெனியின் காலம் மாதக் கடைசியில் முடிகிறது, புது மாதம் முதல் தேதி இவர் தொடங்க வேண்டும். அங்கே ஏற்கனவே வேலை செய்கிறவர்களையே எடுத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்து, அவர்களின் ஐசி நகலை வாங்கி வேலைக் கடிதத்தில் கையெழுத்து வாங்க என்னை அனுப்பினார். பள்ளிச் சிற்றுண்டிச்சாலையின் கடைசி மேசையில் உட்கார்ந்தேன். ஒவ்வொருவராக வந்தார்கள். கம்பெனி பெயர் போட்ட புது டீசட்டையைக் கொடுத்துவிட்டுக் கையெழுத்து வாங்குவது என் வேலை. ஓர் அக்கா சட்டையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு கடிதத்தை நிதானமாகப் படித்தார். 'வேலையில் சேர்ந்த தேதி' என்று இருந்த இடத்தில் விரலை வைத்தார்.

"இந்த மாசம் ஒண்ணாந் தேதின்னு போட்டிருக்கீங்களே தங்கச்சி. நான் இந்த ஸ்கூல்ல சேர்ந்தப்போ என் பெரிய பொண்ணு இங்க ஸ்டாண்டர்ட் ஒன். இப்ப அவளுக்குக் கல்யாணமே முடிஞ்சிருச்சு."

கம்பெனி புதிது, அதனால் தேதி அப்படித்தான் போட முடியும் என்று சொன்னேன்.

"சட்ட மட்டும்தான் புதுசு. மாப்பு அதே மாப்பு, டாய்லெட்டும் அதே டாய்லெட்டு. லீவு மட்டும் எப்படிம்மா மறுபடியும் ஒண்ணுலேருந்து?"

அவர் கேட்ட அந்த லீவைக் கொஞ்சம் விளக்க வேண்டும். 1955ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சட்டப்படி, ஒரே முதலாளியிடம் இரண்டு வருடத்துக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டு விடுப்பு 8 நாள். இரண்டு முதல் ஐந்து வருடத்துக்குள் 12 நாள். ஐந்து வருடத்தைத் தாண்டினால் 16 நாள். மருத்துவ விடுப்பும் இப்படியே 14, 18, 22 என்று ஏறும். ஆட்குறைப்பு இழப்பீட்டுக்கு 1980இல் வந்த விதிகளும் சேவைக் காலத்தைத்தான் பார்க்கின்றன. வருடத்துக்கு 10 நாள் சம்பளத்தில் தொடங்கி, ஐந்து வருடத்துக்குப் பிறகு 20 நாள் சம்பளம். குத்தகை இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு தடவை கைமாறினால் என்ன ஆகும்? அந்த அக்கா அங்கே எவ்வளவு காலம் உழைத்தாலும் 16ஐ எட்டப் போவதில்லை. 12ஐத் தொட்டதும் திரும்ப 8க்கு வந்துவிடுவார். குத்தகைக் காலம் முடிந்து வேலை போனால் அது பெரும்பாலும் ஆட்குறைப்புக் கணக்கிலும் சேராது. மொத்தம் 11 பொதுவிடுமுறைகளில் ஐந்தைச் சட்டமே குறித்துவிட்டது. மீதி ஆறை முதலாளி தேர்ந்தெடுப்பார். பினாங்கில் தைப்பூசம் மாநில விடுமுறைதான். ஆனால் போன கம்பெனி கொடுத்த தைப்பூசம் இந்தக் கம்பெனியின் பட்டியலில் இருக்குமா என்பதை அந்தப் பட்டியல் கைக்கு வந்த பிறகுதான் அவர் பார்க்க முடியும்.

என் வாடிக்கையாளர் கெட்டவர் இல்லை. அவரும் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர்தான். அவர் போட்ட விலையை நான் அறிவேன், எழுதியவளே நான். இன்றைய குறைந்தபட்சச் சம்பளத்தை வைத்து ஓர் ஆளுக்கான கணக்கைப் பாருங்கள். 2025 பிப்ரவரியிலிருந்து மாதம் 1,700 வெள்ளி. முதலாளி கட்ட வேண்டிய இபிஎஃப் 13 விழுக்காடு, 221 வெள்ளி. சமூகப் பாதுகாப்பு நிதியான சொக்சோவும் வேலைக் காப்புறுதியும் சேர்த்து ஏறக்குறைய 32 வெள்ளி. ஆக 1,953. இது அவர் ஒரு சொட்டு பினாயில் வாங்குவதற்கு முன்பு. யாராவது ஒருவர் ஆளுக்கு 2,050 என்று விலை போட்டால், மிச்சம் 97 வெள்ளியில் மாப்பு, சோப்பு, குப்பைப் பை, சட்டை, லீவில் போனவருக்குப் பதில் ஆள், சூப்பர்வைசரின் பெட்ரோல், வங்கி வட்டி, லாபம் எல்லாம் அடங்க வேண்டும். அடங்காது. எங்கே வெட்டுவது? சம்பளத்தைச் சட்டம் பிடித்து வைத்திருக்கிறது. அதனால் ஆளைக் குறைப்பார்கள், நான்கு பேர் வேலையை மூன்று பேர் செய்வார்கள். அல்லது இபிஎஃப் இரண்டு மாதம் பிந்தும். அல்லது சோப்பு தீர்ந்த பிறகு பாதி மாதம் வெறும் தண்ணீர். இப்படியெல்லாம் செய்யாமல் நியாயமான விலை போட்டவர், விலை வரிசையில் கீழே போய் வேலையை இழப்பார்.

தோட்டக் காலத்தில் கங்காணிக்குத் தலைக்காசு என்று ஒன்று கொடுத்தார்கள். அவர் ஊரிலிருந்து கூட்டி வந்த ஆட்கள் வேலைக்கு வரும் ஒவ்வொரு நாளுக்கும் தலைக்கு இவ்வளவு என்று அவருக்கு ஒரு கூலி. 1938இல் இந்திய அரசாங்கம் மலாயாவுக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தியதோடு அந்த முறையும் அடங்கியது. ஆள் கூலிக் குத்தகையின் விலைப் பட்டியலை நிரப்பும்போது எனக்கு அந்தத் தலைக்காசுதான் கண்ணில் படுகிறது. உழைப்பு ஒருவருடையது, அதைத் தலை எண்ணி விற்கிற உரிமை இன்னொருவருடையது. அரசாங்கம் முன்னுரிமை கொடுப்பது அந்த இன்னொருவருக்கு.

அந்த முன்னுரிமையும்கூடச் சின்ன உள்ளூர்க் குத்தகையாளருக்குப் பாதிதான் கை கொடுக்கிறது. ஒரு பள்ளிக்கு ஒரு குத்தகை என்று இருந்தால் பிறையில் இருக்கும் ஓர் அம்மாவாலும் எடுத்து நடத்த முடியும். பல பள்ளிகளைக் கட்டி ஒரே மண்டலமாகக் கேட்டால் முடியாது. 40 ஆள் என்று வையுங்கள். முதல் மாதச் சம்பளமும் இபிஎஃப், சொக்சோ, காப்புறுதியும் மட்டும் 78,000 வெள்ளிக்கு மேல். சம்பளத்தை அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் போட்டாக வேண்டும், சட்டம் அப்படி. முழுமையான பில் கிடைத்த 14 நாளில் அரசாங்கம் பணம் தர வேண்டும் என்று கருவூல விதியும் இருக்கிறது. ஆனால் பில் 'முழுமை' ஆவதற்கு ஒவ்வொரு பள்ளியிலும் வருகைப் பதிவுக்குக் கையெழுத்து, திருப்திச் சான்று, இபிஎஃப் ரசீது எல்லாம் சேர வேண்டும். ஒரு தலைமையாசிரியர் கூட்டத்துக்குப் போயிருந்தால் மொத்தப் பில்லும் நிற்கும். அதற்குள் இரண்டாம் மாதச் சம்பளம் வந்துவிடும். ஒன்றரை லட்சம் வெள்ளியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கக் கூடியவருக்குத்தான் இந்த வேலை. அவர் பெரும்பாலும் வேறு மாநிலத்துப் பெரிய கம்பெனியாகத்தான் இருப்பார். பினாங்கு முகவரிக்கு ஒரு கிளை திறந்துகொள்வது அவருக்குப் பெரிய செலவு இல்லை.

ஐரோப்பிய ஒன்றியம் 2014இல் கொண்டுவந்த கொள்முதல் உத்தரவில் இதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. ஒப்பந்தத்தைச் சிறு பகுதிகளாகப் பிரி, பிரிக்கவில்லை என்றால் ஏன் என்று எழுது. அவ்வளவுதான். அந்த 'ஏன்' ஒன்றை எழுத வேண்டியிருந்தால் இங்கேயும் பல மண்டலங்கள் சின்னதாகிவிடும்.

வெளிநாட்டுக் கம்பெனிகள் வந்து எல்லாவற்றையும் அள்ளிவிடும் என்ற பயமும் அடிக்கடி பேசப்படுகிறது. உலக வணிக அமைப்பின் அரசாங்கக் கொள்முதல் உடன்பாட்டில் மலேசியா உறுப்பினர் இல்லை, 2012இலிருந்து பார்வையாளர்தான். 2022 நவம்பரில் மலேசியாவுக்கு நடப்புக்கு வந்த, பசிபிக் வட்டார நாடுகளின் சிபிடிபிபி வணிக உடன்பாட்டில் கொள்முதலுக்கு ஓர் அத்தியாயம் உண்டு. அதிலும் பெரிய தொகைகளுக்குத்தான் கதவு திறக்கிறது, பூமிபுத்ரா கொள்கைக்கும் இடம் வைத்துத்தான் கையெழுத்துப் போட்டார்கள். பள்ளிக்கூடம் கூட்டும் வேலைக்கு யாரும் வெளிநாட்டிலிருந்து வரப் போவதில்லை. நம் சட்டங்களுக்குள்ளேயே நடக்கிற விஷயம் இது, நாமே சரிசெய்யக் கூடியது.

காசு எங்கே போய்ச் சேருகிறது என்று பார்த்து முன்னுரிமை கொடுத்த ஊர்கள் இருக்கின்றன. இங்கிலாந்தின் வடக்கே பிரஸ்டன் என்று ஒரு நகரம். 2011இல் அங்கே ஒரு பெரிய கடைத்தொகுதித் திட்டம் கைவிடப்பட்டது. வெளியிலிருந்து முதலீடு வரும் என்று காத்திருந்த நகராட்சி, இருக்கிற காசை எண்ணத் தொடங்கியது. நகராட்சி, கல்லூரிகள், போலீஸ், வீட்டுவசதிச் சங்கம் போன்ற அமைப்புகள் வாங்கும் பொருளுக்கும் சேவைக்கும் கொடுக்கும் பணத்தில் எவ்வளவு பிரஸ்டனுக்குள் தங்குகிறது என்று கணக்கெடுத்தார்கள். 2012-13இல் வெறும் 5 விழுக்காடு. ஒப்பந்தங்களைச் சின்னதாக்கி, உள்ளூரில் யாரால் எதைச் செய்ய முடியும் என்று தேடிப் போய்க் கேட்டு, 2016-17க்குள் 18 விழுக்காட்டைத் தாண்ட வைத்தார்கள். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது அந்த முதல் கணக்கெடுப்புதான். நம் ஊரில் ஒவ்வொரு ஏஜென்சியும் யாருக்கு எவ்வளவு கொடுத்தது என்று சொல்கிறது. அந்தப் பணம் கடைசியில் எந்த ஊரில் சம்பளமாக இறங்கியது என்றும் சொன்னால் பாதிப் பிரச்சினை கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். பினாங்கிலேயே ஒன்று நடந்திருக்கிறது. 2012இல் பினாங்கு மகளிர் மேம்பாட்டுக் கழகமும் இரண்டு நகராண்மைக் கழகங்களும் சேர்ந்து, மக்களையே கேட்டு பட்ஜெட் போடும் சோதனை ஒன்றைத் தொடங்கின. தீவில் ஜாலான் சுங்கை, பெருநிலத்தில் அம்பாங்கான், இரண்டும் பிபிஆர் மலிவு வீட்டுக் குடியிருப்புகள். பெண்கள், ஆண்கள், முதியவர்கள், பிள்ளைகள் எல்லோரையும் கேட்டுத் தேவைகளை வரிசைப்படுத்தினார்கள். துப்புரவு மேலே வந்தது. வெளியிலிருந்து குத்தகைக்காரர் வருவதற்குப் பதிலாகக் குடியிருப்பாளர்களே துப்புரவு வேலையை ஏற்றுக்கொள்ளும் ஏற்பாடு அதிலிருந்து பிறந்தது. தன் மாடிப்படியைத் தானே கழுவி, அதற்கு நகராண்மைக் கழகத்திடமிருந்து சம்பளமும் வாங்குவது. உள்ளூர் முன்னுரிமை என்றால் எனக்கு அதுதான்.

கூட்டுறவு வழியும் திறந்தே இருக்கிறது. கூட்டுறவுச் சங்கங்கள் நிதியமைச்சில் வழங்குநராகப் பதிந்துகொள்ளலாம். இதை நான் சொல்லும்போது பல அக்காமார்கள், "நம்மளால ஆகுமாம்மா?" என்று தயங்குகிறார்கள். நம்மால் ஆகியிருக்கிறது. சுதந்திரத்தை ஒட்டி வெள்ளைக்காரர்கள் தோட்டங்களை விற்று, அவை துண்டு போடப்படத் தொடங்கியபோது, வேலையும் வீடும் ஒன்றாகப் போகிற நிலையில் பால்மரம் சீவியவர்கள் நின்றார்கள். 1960இல் அப்போதைய அமைச்சர் துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டத் தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டிப் பங்கு சேர்த்து, தாங்கள் உழைக்கிற தோட்டத்தையே வாங்கினார்கள். கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம் முதலாவது. அந்தத் தலைமுறையின் பேத்திகள்தான் இன்று பள்ளிக்கூடங்களில் மாப்பு பிடிக்கிறார்கள். தோட்டத்தையே வாங்கியவர்களின் வழிவந்தவர்களுக்கு 12 பேர் வேலை செய்யும் ஒரு துப்புரவுக் குத்தகை எட்டாதது அல்ல. மண்டலத்தைச் சின்னதாக்கி, முதல் இரண்டு மாதச் சம்பளத்துக்கு முன்பணம் கொடுத்தால் போதும்.

கூட்டுறவு உருவாக நாளாகும். அதுவரை காத்திருக்கத் தேவையில்லாத ஒன்றும் இருக்கிறது, சேவைக் காலத் தொடர்ச்சி. குத்தகை யார் கைக்குப் போனாலும், அங்கே வேலை செய்கிறவர்களைப் புதிய கம்பெனி அவர்களின் பழைய சேவை ஆண்டுகளோடு எடுத்துக்கொள்ள வேண்டும். பிரிட்டனில் 1981இலிருந்து இப்படி ஒரு விதி உண்டு. 2006இல் அதைத் திருத்தி எழுதியபோது துப்புரவு மாதிரியான சேவைக் குத்தகை கைமாறுவதையும் பெயர் சொல்லியே சேர்த்தார்கள். அரசாங்க ஒப்பந்தங்களில் தொழிலாளர் பாதுகாப்பு விதி இருக்க வேண்டும் என்று அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனம் 94ஆம் எண் உடன்படிக்கையை 1949லேயே எழுதி வைத்துவிட்டது. இங்கே அரசாங்கக் குத்தகைத் தொழிலாளர் வலையமைப்பான ஜேபிகேகேயும் மலேசிய சோசலிசக் கட்சியான பிஎஸ்எம்மும் பல ஆண்டுகளாக இதைக் கேட்டு மகஜர் கொடுத்துவருகிறார்கள். அவர்களின் முதல் கோரிக்கை குத்தகை முறையையே ஒழித்துவிட வேண்டும் என்பது. நானும் அதை விரும்புகிறேன், என் தொழிலில் ஒரு பகுதி போனாலும் பரவாயில்லை. ஆனால் அது நடக்கும்வரை இந்தத் தொடர்ச்சியாவது வேண்டும்.

2025 ஆகஸ்ட்டில் மக்களவை அரசாங்கக் கொள்முதல் சட்ட மசோதாவை நிறைவேற்றியபோது நான் ஆவலோடு படித்தேன். தனிச் சட்டம் வந்ததே ஒரு முன்னேற்றம். முடிவில் குறை இருந்தால் மேல்முறையீடு செய்யத் தீர்ப்பாயத்துக்கும் வழி வைத்திருக்கிறார்கள். ஆனால் அது டெண்டர் போட்டவர்களுக்கு. டெண்டரால் வாழ்க்கை மாறுகிறவருக்கு அங்கே நாற்காலி இல்லை.

செலவு ஏறும் என்று அதிகாரிகள் சொல்வார்கள். எவ்வளவு ஏறும் என்று நான் போட்டுப் பார்த்தேன். 1,700 வெள்ளிச் சம்பளத்தை 26ஆல் வகுத்தால் ஒரு நாள் சம்பளம் 65 வெள்ளி 38 காசு. 8 நாள் விடுப்பு 16 ஆனால், கூடுதல் எட்டு நாளுக்கு வருடத்துக்கு 523 வெள்ளி. நாற்பது பேரும் ஐந்து வருடம் தாண்டியவர்கள் என்றே வைத்துக்கொண்டாலும் மொத்தம் 20,920. அவர்களின் வருடச் சம்பளச் செலவு 9 லட்சத்து 37 ஆயிரம். ஆக, 2.2 விழுக்காட்டுக்குச் சற்று மேல். பூமிபுத்ரா கம்பெனிகளுக்கான விலைச் சலுகையில் ஆகக் குறைந்த படியே 2.5. முன்னுரிமைக்காக இவ்வளவு வித்தியாசத்தை ஏற்கலாம் என்று அரசாங்கம் ஏற்கனவே முடிவு செய்துவிட்டது. அதைவிடச் சின்ன வித்தியாசத்தில், பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலேயே குடியிருக்கிற நாற்பது குடும்பங்களுக்கு அவர்கள் உழைத்த வருடங்களைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

அதற்குப் புதிய சட்டமும் தேவையில்லை. கருவூலத்தின் ஒரு சுற்றறிக்கை போதும், ஒப்பந்த நிபந்தனையில் ஒரே ஒரு பத்தி: இந்தப் பணியிடத்தில் தற்போது வேலை செய்யும் தொழிலாளர்களை, அவர்கள் இங்கே முதன்முதலில் வேலையில் சேர்ந்த தேதியையே சேவைத் தொடக்க நாளாகக் கொண்டு, வெற்றி பெறும் குத்தகையாளர் வேலைக்கு எடுத்துக்கொள்ள வேண்டும், அந்தப் பெயர்ப் பட்டியலை ஏஜென்சி டெண்டர் ஆவணத்தோடு இணைக்க வேண்டும். பட்டியல் ஆவணத்திலேயே இருந்தால் எல்லாக் கம்பெனியும் ஒரே கணக்கை வைத்து விலை போடும், நியாயமாக விலை போட்டவர் தோற்க மாட்டார். பினாங்கில் மாநில அரசாங்கத்துக்கும் இரண்டு மாநகர் மன்றங்களுக்கும் சொந்தக் குத்தகைகள் இருக்கின்றன. மத்திய அரசு இருக்கும் புத்ராஜெயாவிலிருந்து சுற்றறிக்கை வரும்வரை காத்திராமல், இந்தப் பத்தியை அவர்கள் தங்கள் அடுத்த துப்புரவு டெண்டரிலேயே சேர்க்கலாம்.